எண்ணெய்ச் சட்டியை இறக்குங்கள், இட்லிப் பானையை அல்ல

காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலின் பெயர் பெற்ற இட்லி, ஆவியின் பொறுமையில் உருவாவது. அரிசியையும் உளுந்தையும் கொரகொரப்பாக அரைத்துப் புளிக்க வைத்து, மிளகு, சீரகம், சுக்கு, பெருங்காயம், நெய் கலந்து, மந்தாரை இலை விரித்த மூங்கில் குடலையில் ஊற்றி, மணிக்கணக்கில் வேக வைக்கிறார்கள். நீளமாக வெந்து வருவதை வில்லை வில்லையாக அறுத்துக் கொடுக்கிறார்கள். குடலை இட்லி என்ற பெயரே பாத்திரத்தால் வந்ததுதான். அந்த ஊர் வீடுகளிலும் இப்போது ஏர் ஃபிரையர் வந்து நிற்கிறது. கைபேசியில் காணொளி பார்த்து, தாய்லாந்து ஸ்பிரிங் ரோலை மொறுமொறுப்பாக வீட்டிலேயே செய்துவிடலாம் என்று பிள்ளைகள் கேட்கிறார்கள், பெற்றோரும் இணங்குகிறார்கள். எண்ணெயே இல்லாத ஆரோக்கியம் என்று இதைக் கொண்டாடுபவர்கள் ஒரு பக்கம். நம் சமையலைக் கெடுக்க வந்த இன்னொரு பெட்டி என்று ஒதுக்குபவர்கள் மறுபக்கம். இரு தரப்பும் கேட்க மறந்த கேள்வி ஒன்று இருக்கிறது. இந்தக் கருவி நம் அடுப்படியில் எதன் இடத்தைப் பிடிக்கிறது? எண்ணெய்ச் சட்டியின் இடத்தை என்றால் அது லாபம். இட்லிப் பானையின் இடத்தை என்றால் நஷ்டம். இதைப் பிரித்துப் பார்க்காமல் கருவியைப் புகழ்வதும் பழிப்பதும் வீண்.

முதலில் அது என்ன செய்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். பெயரில் ‘ஃபிரையர்’ இருந்தாலும் அது பொரிக்கும் சட்டி கிடையாது. மேலே ஒரு சூட்டுக் கம்பி, அதையொட்டி ஒரு மின்விசிறி, கீழே துளையிட்ட கூடை. சூடான காற்றை விசிறி வேகமாகச் சுழற்றி உணவின் மேல் அடிக்கிறது, அவ்வளவுதான். காற்றைச் சுழற்றிச் சமைக்கும் அடுப்பு பழைய யோசனை. விமானத்தில் உறைந்த சாப்பாட்டைச் சூடாக்குவதற்காக, இரண்டாம் உலகப் போர்க் காலத்திலேயே அமெரிக்கர் வில்லியம் மாக்ஸன் விசிறி பொருத்திய சிறு அடுப்பை உருவாக்கினார். இப்போதைய அடக்கமான வடிவம் நெதர்லாந்தைச் சேர்ந்த ஃபிரெட் வான் டெர் வெய் என்பவரின் கைவண்ணம். 2010-இல் பெர்லின் கண்காட்சியில் பிலிப்ஸ் நிறுவனம் அதை ஏர்ஃபிரையர் என்ற பெயரில் அறிமுகப்படுத்தியது. காற்றுக்கும் எண்ணெய்க்கும் உள்ள வேறுபாட்டை நம் கையே சொல்லும். 180 டிகிரி சூட்டில் இருக்கும் ஓவனுக்குள் கையை ஒரு கணம் நீட்டி எடுத்துவிடலாம். அதே 180 டிகிரி எண்ணெய் விரல் நுனியில் பட்டால் கொப்புளம்தான். எண்ணெய் உணவை எல்லாப் பக்கமும் கவ்விப் பிடித்துச் சூட்டை உடனே ஏற்றுகிறது. காற்று அப்படிக் கவ்வாது; மெதுவாகத்தான் ஏற்றும். இந்தக் கருவியின் பலமும் பலவீனமும் இந்த ஒரு குணத்தில் அடங்கியிருக்கின்றன.

மெதுவடையை எடுத்துக்கொள்வோம். அதன் மாவு ஈரமானது, தளர்ந்தது. எண்ணெயில் விழுந்ததும் வெளிப்பக்கம் இறுகி வடிவம் நின்றுவிடுகிறது; உள்ளே எழும் ஆவி அதை உப்ப வைக்கிறது. துளையிட்ட கூடையிலோ, இறுகுவதற்கு முன்பே மாவு வழிந்துவிடும். தட்டில் வைத்துச் சமாளித்தாலும் கிடைப்பது வறண்ட உளுந்து அடைதான், வடை கிடைக்காது. பஜ்ஜிக்கும் போண்டாவுக்கும் இதே கதி. ‘வாங்கி ஏமாந்தோம்’ என்று சலித்துக்கொள்பவர்களில் பலர் ஈர மாவைக் காற்றில் பொரிக்க முயன்றவர்களாகத்தான் இருப்பார்கள். ஸ்பிரிங் ரோல் வேறு இனம். மைதாவும் உப்பும் தண்ணீரும் சேர்த்துப் பிசைந்த தளர்ந்த மாவைச் சூடான கல்லில் ஒற்றி எடுத்துச் செய்யும் மெல்லிய தாள் அது. வெங்காயச் சமோசாவுக்கு நம் கடைக்காரர்கள் கல்லில் வாட்டி எடுக்கும் சமோசா பட்டிக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று சொல்லலாம். அந்தத் தாள் முன்பே வெந்தது, வடிவம் நின்றது. அதற்குப் பாக்கி இருப்பது ஈரம் வற்றுவதும் மேலே பொன்னிறம் ஏறுவதும் மட்டுமே. அந்த வேலையைச் சுழலும் காற்று குறையில்லாமல் செய்யும். அதனால்தான், ஏர் ஃபிரையரைச் சோதித்துப் பார்க்க ஸ்பிரிங் ரோலைவிடப் பொருத்தமான பண்டம் அரிது.

செய்முறையைச் சற்று நெருங்கிப் பார்த்தால் இந்த நியாயம் இன்னும் தெளிவாகும். தாய்லாந்தில் இதன் பெயர் போ பியா தோட். ‘தோட்’ என்றால் பொரித்தது. தென்சீனத்திலிருந்து குடியேறியவர்கள் கொண்டுவந்த பொப்பியா அங்கே இந்த உருவம் எடுத்தது. சிங்கப்பூர், மலேசியத் தமிழர்களுக்கு பொப்பியா பழகிய சொல். பாசிப்பயறு மாவுச்சத்தில் செய்த கண்ணாடி போன்ற சேமியா, முட்டைகோஸ், கேரட், காளான் ஆகியவை உள்ளே போகும். மணம் கொடுப்பது பூண்டு, வெள்ளை மிளகு, கொத்தமல்லி வேர் மூன்றையும் உரலில் இடித்த விழுது. நாம் கொத்தமல்லிக் கட்டைப் பிரித்ததும் வெட்டி எறிகிற வேர்தான் அங்கே சமையலின் உயிர். காய்களைச் சிறிது எண்ணெயில் வதக்கும்போது தண்ணீர் முழுக்க வற்ற வேண்டும். பிறகு நன்றாக ஆற வேண்டும். சூடான அல்லது ஈரமான பூரணம் தாளை உள்ளிருந்தே ஊற வைத்துவிடும். தாள்களை ஈரத்துணிக்குள் மூடி வைத்து ஒவ்வொன்றாக எடுத்து, ஒரு முனை நம்மைப் பார்க்க விரித்து, இரண்டு கரண்டி பூரணம் வைத்து, பக்கங்களை மடித்து இறுக்கிச் சுருட்டி, மைதாப் பசையால் ஒட்ட வேண்டும். தளர்ந்த பாவில் நெசவு சரியாக விழாது என்பது தறிக்காரர்களுக்குத் தெரியும். தளர்ந்த சுருளும் அப்படித்தான், விசிறிக் காற்றில் வாய் பிளக்கும். பத்துச் சுருளுக்கு இரண்டு தேக்கரண்டி எண்ணெய் போதும், ஆனால் அந்த இரண்டு தேக்கரண்டி கட்டாயம் வேண்டும். மேலே மெல்லிய படலமாகத் தடவினால்தான் சூடு சீராகப் பரவி நிறம் ஏறும். தடவாத இடம் மாவு வெள்ளையாக, அட்டைபோல நிற்கும். முன்கூட்டியே சூடேற்றிய கூடையில் ஒன்றோடொன்று ஒட்டாமல் ஒரே வரிசையாக அடுக்கி, 190 டிகிரியில் 12 முதல் 15 நிமிடம் வைத்து, நடுவில் ஒரு முறை திருப்பிவிட வேண்டும். எடுத்ததும் குவித்து வைக்கக் கூடாது. குவித்தால் உள்ளிருந்து வரும் ஆவி மொறுமொறுப்பைத் தின்றுவிடும்.

பத்துச் சுருளுக்கு இரண்டு தேக்கரண்டி என்ற அந்தக் கணக்கில்தான் விஷயம் இருக்கிறது. இதையே வாணலியில் பொரிக்க அரை லிட்டர் எண்ணெயாவது ஊற்ற வேண்டும். சுருள்கள் குடிக்கும் எண்ணெய் ஒரு கவலை என்றால், சட்டியில் மிஞ்சும் எண்ணெய் இன்னொரு கவலை. மிஞ்சியதை யாரும் கொட்டுவதில்லை. தூக்கில் ஊற்றி வைத்து மறுநாள் தாளிக்கவும், அடுத்த வாரம் அப்பளம் பொரிக்கவும் எடுத்துக்கொள்கிறோம். திரும்பத் திரும்பச் சூடாகும் எண்ணெய் சிதைந்து கேடான சேர்மங்களைச் சேர்த்துக்கொள்கிறது. அதனால்தான் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம், பயன்படுத்திய எண்ணெயில் இப்படி உண்டாகும் முனைவுச் சேர்மங்களின் மொத்த அளவு 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற வரம்பை 2018 ஜூலை 1 முதல் கொண்டுவந்தது. கடையில் சோதித்துப் பார்க்க அதிகாரி வருவார். வீட்டுச் சட்டிக்கு அளவுகோல் கண்ணும் மூக்கும்தான். நாட்டின் சமையல் எண்ணெய்த் தேவையில் பாதிக்கு மேல் இறக்குமதியாகிறது. நம் ரேஷன் கடைகளில் 2007 முதல் மானிய விலையில் கிடைக்கும் பாமாயிலுக்கும் மூலம் பெரும்பாலும் வெளிநாட்டு எண்ணெய்ப்பனைத் தோட்டங்கள்தான். 2025 பிப்ரவரியில் பிரதமரே வானொலி உரையில், மாதாந்திர எண்ணெய்ப் பயன்பாட்டை 10 சதவீதம் குறைக்கும்படி மக்களைக் கேட்டுக்கொண்டார். நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் சென்னையின் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் சேர்ந்து நடத்திய ஆய்வு 2023-இல் கணக்குச் சொன்னது. ஒரு கிராம் எண்ணெய்க்கு 9 கலோரி. இந்தப் பின்னணியில், எண்ணெய்ச் சட்டியை அடுப்பிலிருந்து இறக்க உதவும் எந்தக் கருவியும் வரவேற்கத் தக்கதே.

அப்படியானால் தினமும் செய்து சாப்பிடலாமா என்றால், கூடாது. ‘எண்ணெய் இல்லை, ஆகவே உடம்புக்கு நல்லது’ என்ற வாதத்தில் உள்ள ஓட்டை இதுதான். எண்ணெய் குறைந்தால் எண்ணெய்தான் குறைகிறது. தாள் அதே மைதா, தொட்டுக்கொள்ளும் இனிப்பு மிளகாய்ச் சாற்றில் அதே சர்க்கரை, சோயா சாற்றில் அதே உப்பு. இன்னொன்றும் இருக்கிறது. மாவுச்சத்து மிகுந்த உணவு 120 டிகிரிக்கு மேல் வறண்ட சூட்டில் சிவக்கும்போது அக்ரிலமைடு என்ற வேதிப்பொருள் உண்டாகிறது என்பதை ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர்கள் 2002-இல் வெளிப்படுத்தினார்கள். சூடு எண்ணெய் வழியாக வந்தாலும் காற்று வழியாக வந்தாலும் அது உண்டாகும்; கருகக் கருகக் கூடும். ஆகவே பொன்னிறத்தில் எடுத்துவிட வேண்டும், காபிப் பொடி நிறம் வரும்வரை விடக் கூடாது. அதைவிடப் பெரிய ஏமாற்று, கடைக் குளிர்பெட்டியில் விற்கும் உறைந்த உருளைக்கிழங்கு வறுவலும் அதுபோன்ற பாக்கெட்டுகளும். அவற்றில் பெரும்பாலானவை தொழிற்சாலையிலேயே ஒரு முறை எண்ணெயில் பொரிக்கப்பட்டு வருபவை. அவற்றைக் கூடையில் கொட்டிச் சூடாக்கிவிட்டு எண்ணெயில்லாச் சமையல் என்று சொல்லிக்கொள்வது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வது. பூரணத்தை வீட்டில் வதக்கி, தாளை வீட்டில் சுருட்டினால்தான் இந்தக் கருவியின் பலன் முழுதாகக் கைக்கு வரும்.

இங்கேதான் இட்லிப் பானை முக்கியமாகிறது. ஆவியின் சூடு 100 டிகிரியோடு நின்றுவிடுகிறது. அதில் எதுவும் கருகாது, அக்ரிலமைடும் உண்டாவதில்லை. மாவுக்குள் ஈரம் தங்குகிறது; புளித்ததால் வந்த மென்மை காக்கப்படுகிறது. இட்லி, இடியாப்பம், புட்டு, கொழுக்கட்டை, இலை அடை என்று எண்ணெய் இல்லாமல் ஒரு நாளை நடத்திவிடும் சமையலை நம் முன்னோர் சேர்த்து வைத்திருக்கிறார்கள். எண்ணெயில்லாச் சமையலுக்குப் புதுக் கருவி வாங்கித்தான் தீர வேண்டும் என்ற நிலை தமிழ் வீடுகளில் ஒருபோதும் இருந்ததில்லை. முறுக்கும் அதிரசமும் வடையும் பெரும்பாலும் பண்டிகை, விருந்து, விரத நாள்களுக்கு உரியவையாக இருந்தன. ஆவியில் வெந்தது அன்றாடத்துக்கு உரியதாக இருந்தது. அந்தப் பிரிவினைதான் உண்மையான ஆரோக்கியம். ஏர் ஃபிரையர் வந்த பிறகு காலை இட்லியின் இடத்தில் தினமும் ஏதாவது ஒரு மொறுமொறுப்பு தட்டில் விழ ஆரம்பித்தால், குறைந்த எண்ணெயோடு ஒரு கெட்ட பழக்கத்தை வீட்டுக்குள் குடியேற்றியதாகத்தான் அர்த்தம். பெரும் தீமையின் இடத்தில் சிறு தீமை வந்தால் முன்னேற்றம். நன்மையின் இடத்தில் அதே சிறு தீமை வந்தால் பின்னடைவு.

இந்தப் பிரிவினையின் அருமை, நெசவையே தொழிலாகக் கொண்ட காஞ்சிபுரத்துக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கைத்தறிக்கென்று சில ரகங்களை ஒதுக்கும் சட்டம் 1985-இல் வந்தது. விசைத்தறியே வேண்டாம் என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை. எதை எந்தத் தறியில் நெய்ய வேண்டும் என்று வகுத்துக் கொடுத்தது. உடலையும் கரையையும் தனித்தனி நாடாவில் கோர்த்து நெய்யும் கோர்வைப் பட்டு விசைத்தறிக்கு எட்டாத வேலை. ஒதுக்கப்படாத அன்றாடத் துணிகள் விசைத்தறியில் வந்தால் யாருக்கும் குறையில்லை. தகராறு வருவதெல்லாம் ஒன்று இன்னொன்றின் இடத்தில் வந்து உட்காரும்போதுதான். அடுப்படியிலும் இதே நியாயம் செல்லும். ஆவிக்கு உரியதை ஆவிக்கும், எண்ணெய் தவிர வேறு வழியில்லாத மெதுவடையை நாள் கிழமைக்கும், எண்ணெய்க்குப் பதில் காற்றே போதும் என்ற ஸ்பிரிங் ரோலையும் சமோசாவையும் ஏர் ஃபிரையருக்கும் பிரித்துக் கொடுத்துவிட்டால் சண்டைக்கு இடமில்லை.

‘நமக்கெதற்குத் தாய்லாந்துப் பலகாரம்?’ என்ற கேள்வி எழும். ஊர்ப்பற்றில் பிறந்த கேள்விதான். ஆனால் காஞ்சிபுரத்தின் வரலாறு அதற்குத் துணை நிற்காது. தென் தாய்லாந்தின் தகுவா பா பகுதியில் 9-ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்திருக்கிறது. அது அவனி நாரணம் என்ற குளத்தைப் பற்றியும், மணிக்கிராமத்தார் என்ற வணிகக் குழுவைப் பற்றியும் பேசுகிறது. அவனி நாரணன் என்பது காஞ்சியிலிருந்து ஆண்ட மூன்றாம் நந்திவர்மப் பல்லவனின் பட்டப்பெயர். காஞ்சி அரசனின் பெயரில் கடல் கடந்து குளம் இருந்திருக்கிறது. அந்தக் கடற்கரையில் தமிழ் வணிகர்கள் புழங்கியிருக்கிறார்கள். நம் திருப்பாவையும் திருவெம்பாவையும் தாய்லாந்து அரண்மனைச் சடங்கின் பெயரிலேயே இன்றும் வாழ்கின்றன. இங்கிருந்து அங்கே போனதைப் பெருமையாகச் சொல்லும் நாம், அங்கிருந்து ஒரு பலகாரம் வருவதை மட்டும் தடுப்பது முறையாகாது. சமையலும் அப்படித்தான் வளர்ந்தது. நம் சாம்பாரில் இன்று கொதிக்கும் மிளகாய், போர்த்துகீசியர் வழியாக வந்து சேர்ந்தது. அது வருவதற்கு முன் இங்கே காரம் என்றாலே மிளகுதான். குடலை இட்லி அந்தப் பழைய காரத்தை இன்னும் காத்து வருகிறது. அதே மிளகு, தோல் உரித்த வெள்ளை மிளகாக, தாய்லாந்துப் பூரணத்திலும் இருக்கிறது. வெளியிலிருந்து வருவதை ஏற்பதா வேண்டாமா என்பதில் சிக்கல் இல்லை. வருவது நம்மிடம் இருக்கும் நல்லதைத் தள்ளிவிடாமல் பார்த்துக்கொள்கிறோமா என்பதில்தான் நம் பொறுப்பு இருக்கிறது.

இன்னொரு ஆட்சேபம் பணத்தைப் பற்றியது, அது நியாயமானது. சில ஆயிரம் ரூபாய் கொடுத்து ஏர் ஃபிரையர் வாங்குவது, காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் கூலிக்கு நெய்யும் குடும்பத்துக்குச் சின்னச் செலவு கிடையாது. மின்சாரம் பெரிய சுமையாக இருக்காது. 1,500 வாட் கருவி 20 நிமிடம் ஓடினால் அரை யூனிட். ஆனால் வாங்கும் விலை சுமைதான். நான்கு பேருக்கு மேல் உள்ள வீட்டில் சின்னக் கூடையில் இரண்டு மூன்று ஈடு போட வேண்டியிருக்கும் என்பதையும் சொல்லியாக வேண்டும். வாங்க முடியாதவர்கள் இதனால் எதையும் இழந்துவிடவில்லை. அதே சுருளை இரும்புத் தோசைக்கல்லில் சிறுதீயில் வைத்து, ஓரத்தில் சொட்டுச் சொட்டாக எண்ணெய் விட்டுத் திருப்பித் திருப்பி எடுத்தாலும் மொறுமொறுப்பு வரும். நேரம் கூடும், கை அங்கேயே நிற்க வேண்டும். கருவி மிச்சப்படுத்துவது அந்தக் கவனத்தைத்தான். காலையிலிருந்து குழித்தறியில் உட்கார்ந்து மிதித்து நெய்துவிட்டு எழுகிறவருக்கு, மாலையில் டீயோடு சூடாக ஏதாவது வேண்டும் என்பது நியாயமான ஆசை. அதைப் பழைய எண்ணெயில் பொரித்ததாகக் கொடுப்பதைவிடக் கல்லில் வாட்டிக் கொடுப்பது நல்லது. ஒரு வில்லை மிளகு இட்லியாகக் கொடுத்தால் அதைவிட நல்லது. கடன் வாங்கியோ தவணை கட்டியோ இந்தக் கருவியை வீட்டுக்குக் கொண்டுவர வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை.

தெருவோரப் பஜ்ஜிக் கடைக்காரரின் பிழைப்பைக் கெடுக்கும் பேச்சு இது என்று யாரேனும் சொல்லலாம். வீட்டில் எண்ணெய் குறைவதால் கடை மூடிவிடாது. பஜ்ஜியைக் காற்றில் செய்ய முடியாது என்பதை மேலேயே பார்த்தோம். அது அவருடைய கைத்தொழிலாகவே நீடிக்கும். அவருக்குத் தேவை, எண்ணெயை நேரத்தில் மாற்றக் கட்டுப்படியாகும் வருமானமும், பழைய எண்ணெயை விலை கொடுத்து எடுத்துப்போக ஆளும்தான். பயன்படுத்திய எண்ணெயைச் சேகரித்து உயிரி டீசலாக மாற்றும் திட்டத்தை உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-லேயே தொடங்கியது. உள்ளாட்சி அமைப்புகள் அதைச் சிறு கடைகள் வரை கொண்டுசேர்த்தால், கடைக்காரருக்கும் வாடிக்கையாளருக்கும் ஒருசேர நல்லது நடக்கும்.

ஏர் ஃபிரையர் வாங்கியவர்களுக்கும் வாங்க நினைப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். தாய்லாந்து ஸ்பிரிங் ரோலைத் தயங்காமல் செய்யுங்கள். கொத்தமல்லி வேரை எறியாமல் இடித்துச் சேருங்கள். இரண்டு தேக்கரண்டி எண்ணெயோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மாதத்தில் ஓரிரு நாள் சாப்பிடுங்கள். புதுக் கருவிக்கு மேடையில் இடம் போதவில்லை என்று ஒரு பாத்திரத்தைப் பரணில் ஏற்ற வேண்டி வந்தால், எண்ணெய்ச் சட்டியை ஏற்றுங்கள். இட்லிப் பானை அடுப்பிலேயே இருக்கட்டும்.